பம்பரை மட்டும் கழுவியது யார்?

"இஞ்சினை விட்டுட்டான். பேட்டரியை விட்டுட்டான். என் டூல்ஸ் பெட்டி தொறந்தே கெடந்துச்சு, அதையும் விட்டுட்டான். பானெட்டை மட்டும் கழட்டிட்டுப் போயிருக்கான்னா, இது வெர்ன் ஸ்டால் வேலைதான். எழுதி வச்சுக்குங்க" என்றார் ரூடி டூடெக்.

துப்பறியும் பெண்மணி ஹெஸ்டர் குபாக்கி எதையும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. நீளக் கம்பியின் நுனியில் சின்னக் கண்ணாடி பொருத்திய தன் ஒரே ஆயுதத்தைக் கைப்பையிலிருந்து எடுத்தார். கொட்டகையின் நடுவே பானெட் இல்லாமல் குடலைக் காட்டிக்கொண்டு நின்ற சிவப்பு பிக்கப் வண்டியைச் சுற்றி வரத் தொடங்கினார்.

அவருடைய உதவியாளன் ஆரின் டேட் கதவோரம் சாய்ந்து டோனட் தின்றுகொண்டிருந்தான். முன்பு பழுதான வண்டிகளை இழுக்கும் டோ வண்டி ஓட்டியவன். இப்போது அந்த வேலை போய் வாய் மட்டும் மிச்சம்.

"பாஸ், கொஞ்சம் தள்ளியே நில்லுங்க. நீங்க சாவு சர்டிபிகேட் குடுத்த ஆளு எழுந்து நிக்கிறாரு. உங்களைப் பார்த்தா சும்மா விடுவாரா?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. ஹெஸ்டர் துப்பறிய வருவதற்கு முன் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து வண்டிகளைப் பார்த்து மதிப்புப் போடும் வேலையில் இருந்தவர். போன குளிர்காலம் பனியில் சறுக்கிப் பாலத்தூணில் முட்டிய இதே சிவப்பு வண்டியைப் பார்த்து, "இது தேறாது" என்று கையெழுத்துப் போட்டதும் அவரேதான். அதை ரூடி ஏலத்தில் எடுத்தார். வசந்தகாலம் முழுக்க கல்குவாரி வேலை முடிந்து வந்து, சாப்பிட்டதும் சாப்பிடாததுமாகக் கொட்டகைக்குள் புகுந்து அதற்கு உயிர் கொடுத்தார்.

அந்த உயிர் செல்லுமா செல்லாதா என்று மாநில அரசு சொல்ல வேண்டும். நாளைக் காலை சோதனை. தவறவிட்டால் அடுத்த தேதி கிடைப்பதற்குள் மரங்களில் இலை உதிர்ந்துவிடும். ஆனால் ரூடியின் மகள் ஜோயல் திங்கட்கிழமையே நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர வேண்டும். இந்த ஊருக்கு பஸ் கிடையாது. ரூடியின் பழைய லாரி விடிவதற்கு முன்பே அவரைக் குவாரிக்குச் சுமந்துகொண்டு போய்விடும். இந்த வண்டி தேறினால் ஜோயலுக்கு வேலை. தேறாவிட்டால் பழையபடி பெட்ரோல் பங்க் கடையில் சிகரெட் விற்க வேண்டியதுதான்.

"போலீசுக்குப் போகலையா?" என்று ஆரின் கேட்டான்.

"போனா 'திருட்டு'ன்னு ஒரு வார்த்தை எழுதுவாங்க. நாளைக்கு வர்ற சோதனையே திருட்டு சாமான் இருக்கான்னு பார்க்குற சோதனை. அங்க போயி அந்த வார்த்தையோட நிக்கச் சொல்றியா?"

வெளியூர்க்காரர்கள் இந்தச் சோதனையைப் பற்றித் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். செத்துப் பிழைத்த வண்டி ஓடுமா, திரும்புமா, நிற்குமா என்றெல்லாம் அரசாங்கம் ஆராயும் என்று எண்ணுகிறார்கள். அந்தக் கவலையெல்லாம் ஓட்டுகிறவர் பாடு. கதவு எந்த வண்டியிலிருந்து வந்தது, விளக்கு எந்த வண்டியிலிருந்து வந்தது, அதற்கு ரசீது உண்டா, இவ்வளவுதான் அரசாங்கத்தின் கவலை. பிறந்த வீடு தெரியாத பம்பரோடு போனால் வண்டியையே பிடித்து வைத்துக்கொள்வார்கள்.

ரூடி அந்த விஷயத்தில் கில்லாடி. "கதவு, பம்பர், ரெண்டு பக்கத் தகடு, விளக்கு, சீட்டு. எல்லாத்துக்கும் ரசீது இருக்கு. அவங்க கேக்குற எதுவும் என்கிட்ட இல்லாம இல்ல. கேக்காததுக்கு எதுக்கு வீணா செலவு?" என்று மார்பைத் தட்டினார்.

அப்போது ஜோயல் காபியோடு உள்ளே வந்தாள். ராத்தூக்கம் இல்லாத கண்கள். கோப்பையை ஹெஸ்டரிடம் நீட்டி, "நாளைக்கு அந்த அதிகாரி வண்டியை ஓட்டிப் பார்ப்பாரா?" என்று கேட்டாள்.

ரூடி விழுந்து விழுந்து சிரித்தார். "ஓட்டியா? அவர் ரசீதைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்ப்பாரு. வண்டி இங்கேருந்து டிரெய்லர்ல போகும், டிரெய்லர்ல வரும். சோதனை முடியற வரைக்கும் அது ரோட்டுல ஒரு அடி வைக்கக்கூடாது. நான் வாங்கின நாள்லேருந்து வச்சதும் இல்ல."

ஜோயல் திரும்பிப் போய்விட்டாள்.

ஹெஸ்டர் காபியைக் குடித்து முடித்துவிட்டு ஆரினைக் கூப்பிட்டார். "இங்க வா. பானெட் இருந்த எடத்துல என்ன தெரியுது?"

"பானெட் இல்லாதது தெரியுது பாஸ்."

"கீல்ல பாரு."

குனிந்து பார்த்தான். பானெட்டைப் பிடித்திருந்த போல்ட்டுகள் ஒன்றுவிடாமல் அதனதன் துளையிலேயே கையால் திருகி வைக்கப்பட்டிருந்தன. இரண்டு பக்கத் தகடுகளிலும் புதுப் பெயின்ட் கீறல் படாமல் பளபளத்தது. ஒரு மூலையில் பழைய துண்டின் நூல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"துண்டை மடிச்சு வச்சு, ரெண்டு பேரா தூக்கியிருக்காங்க. போல்ட்டைத் திருப்பி மாட்டிட்டுப் போயிருக்காங்க. இப்படி ஒரு திருடனை நான் பார்த்ததே இல்ல. ஒண்ணு நல்லா வளர்த்த பையனா இருக்கணும், இல்ல சொந்தக்காரனா இருக்கணும்" என்றான் ஆரின்.

"வண்டி சுத்தமா இருக்கா?"

"பெயின்ட் பளபளப்பு இருக்கு, ஆனா மேல தூசி. கூரையில விரல் வச்சா பேரே எழுதலாம்."

"பம்பர்?"

ஆரின் பம்பரைப் பார்த்தான். முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். உடம்பு முழுக்கத் தூசி படிந்த வண்டிக்கு மூக்கு மட்டும் குளித்திருந்தது. ரூடியைக் கேட்டார்கள். நான் கழுவவில்லை, நாளைக் காலையில்தான் மொத்தமாகக் கழுவுவதாக இருந்தேன் என்றார் அவர்.

"அந்த வெர்ன் பய இதையும் பண்ணுவான்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

"எதிரி பம்பரைக் கழுவிக் குடுத்துட்டுப் போவானா? எனக்கு அப்படி ஒரு எதிரி கிடைக்க மாட்டேங்கிறானே" என்றான் ஆரின்.

ஹெஸ்டர் சிரிக்கவில்லை. பானெட் இல்லாத இடத்தின் வழியாகக் கண்ணாடிக் கம்பியை உள்ளே விட்டு, ரேடியேட்டரின் முன்பக்கத்தைப் பார்த்தார். பிறகு கம்பியை ஆரினிடம் கொடுத்தார். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே சின்னச் சின்ன இறக்கைகள் நசுங்கி ஒட்டிக்கிடந்தன.

ஏரிப்பூச்சி. ஈரி ஏரிக்கரையில் ஜூன் மாதம் பிறந்துவிட்டால் சாயங்காலத்தில் தண்ணீரிலிருந்து இந்தப் பூச்சிகள் மேகம் மேகமாகக் கிளம்பும். எங்கே விளக்கு எரிகிறதோ அங்கே வந்து விழும். காலையில் கடைக்காரர்கள் ஷவல் போட்டு அள்ளுவார்கள். இருட்டிய பின் ஏரிக்கரை ரோட்டில் வண்டி ஓட்டினால் முன்பக்கம் முழுக்க அப்பிக்கொள்ளும், விடிந்தால் அழுகிய மீன் நாற்றம் எடுக்கும். அதனால் இந்த ஊர்க்காரர்கள் ராத்திரி வீடு திரும்பினால் பல் துலக்க மறந்தாலும் பம்பரைக் கழுவ மறக்க மாட்டார்கள். கை தானாகவே ஹோஸ் பைப்பைத் தேடிப் போகும்.

"ரோட்டுல ஒரு அடி வைக்காத வண்டி, ராத்திரி ஏரிக்கரையில நல்ல ஸ்பீடுல போயிட்டு வந்திருக்கு. ஓட்டினது யாரோ, அவங்க தப்பை மறைக்கணும்னு கழுவல, பழக்கதோஷத்துல கழுவியிருக்காங்க. மறைக்கணும்னு நினைச்சிருந்தா ரேடியேட்டரை விட்டிருப்பாங்களா?" என்று தாழ்ந்த குரலில் சொன்னார் ஹெஸ்டர்.

"அப்போ பானெட்?"

ஹெஸ்டர் கண்ணாடியை பம்பரின் அடிப்பக்கம் நகர்த்தினார். தண்ணீர் எட்டாத ஒரு இடுக்கில் மரச்சிராய் ஒன்று மாட்டியிருந்தது. அதன் முனையில் பச்சைப் பெயின்ட்.

ஆரின் டோனட்டை முழுங்கினான். "பாஸ், இந்த ஊர்ல இந்தப் பச்சையை வாங்குற அளவுக்கு ரசனை கெட்ட ஆளு ஒருத்தர்தான் இருக்காரு."

*

வெர்ன் ஸ்டாலின் ஷெட் ரூடி வீடு இருக்கும் ரோட்டிலேயே, ஏரியை விட்டு நன்றாக உள்ளே தள்ளி இருந்தது. அவரும் விபத்து வண்டிகளைத் தூக்கி நிறுத்துகிறவர்தான். ஒரு காலத்தில் ரூடியும் அவரும் கூட்டாளிகள். இஞ்சின் தூக்குகிற சங்கிலிக் கப்பியை யார் யாருக்கு இரவல் கொடுத்தது என்பதில் தகராறு வந்து, இருவரும் சர்ச்சில்கூட எதிரெதிர் மூலைகளில் உட்காருகிறார்கள்.

வாசலில், ரோட்டோரம், அவருடைய தபால்பெட்டி. பச்சை வண்ணம் அடித்த பெரிய மர மீன் ஒன்று அதே வண்ணக் கம்பத்தின் மேல் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். தபால்காரர் கடிதத்தை அதன் வாய்க்குள் போட வேண்டும். இன்று மீன் கொஞ்சம் சரிந்திருந்தது. கம்பம் புதிது, இன்னும் பச்சை பூசவில்லை, அடியில் மண் ஈரம். மீனின் உதட்டில் சிவப்பு.

"லிப்ஸ்டிக் போட்டு எங்க கிளம்பிட்டீங்க மேடம்?" என்று மீனைக் கேட்டான் ஆரின்.

வெர்ன் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "பானெட்டா? எந்த பானெட்? ரூடி வீட்டுப் பக்கம் நான் மழைக்குக்கூட ஒதுங்கினது இல்ல."

"காணாம போனது பானெட்டுன்னு நாங்க சொல்லவே இல்லையே" என்றார் ஹெஸ்டர்.

வெர்ன் துடைத்த கையையே மறுபடி துடைத்தார். அவருக்குப் பின்னால் ஒரு தார்ப்பாய். ஆரின் போய் அதை ஓரமாகத் தூக்கினான். சிவப்பு பானெட் நடுவில் பள்ளம் விழுந்து மடங்கிக் கிடந்தது.

"நான் வாக்குக் குடுத்திருக்கேன். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க" என்றார் வெர்ன்.

"வெர்ன் அங்கிள், விடுங்க."

வாசலில் ஜோயல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓட்டி வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது. "நான்தான் ஓட்டினேன். அப்பா தூங்கினப்புறம் சாவியை எடுத்துட்டுப் போனேன். ஏரிக்கரை வழியா சுத்திட்டு வந்து, இங்க ரோட்டுல கெடந்த பூச்சியில டயர் வழுக்கி கம்பத்துல மோதிட்டேன். மீன் பானெட் மேல விழுந்துச்சு. அங்கிள்தான் கூட வந்து கழட்டிக் குடுத்தாரு. நிமித்தி விடியறதுக்குள்ள மாட்டிடலாம்னு பார்த்தோம், முடியல."

"எதுக்கும்மா ஓட்டின?" என்று கேட்டார் ஹெஸ்டர்.

"திங்கட்கிழமை நான் இதுல ஹைவேல போகணும். வண்டி நல்லா நிக்குமாப்பான்னு கேட்டா, அப்பா கதவு ரசீதைக் காட்டுறாரு. திரும்பவும் கேட்டா விளக்கு ரசீதைக் காட்டுறாரு. அதிகாரியும் பார்க்க மாட்டாருன்னா வேற யாரு பார்க்குறது? அதான் நானே பார்த்துடலாம்னு."

ஆரினுக்குச் சிரிப்பு வந்தது. ஹெஸ்டரின் முகத்தைப் பார்த்ததும் அது போன இடம் தெரியவில்லை. அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெர்ன், ஜூன் மாசம் வாசல் விளக்கு போடுவியா?"

"போட்டுட்டு யாரு பூச்சி அள்றது? நான் இருட்டுலதான் சாப்பிடுறேன்."

"ரோட்டு விளக்கு?"

"இந்தப் பக்கம் ஏது?"

"அப்போ இங்க பூச்சி எங்கேருந்து வந்துச்சு?" ஹெஸ்டர் காலணி முனையால் ரோட்டைத் தேய்த்தார். காய்ந்த தார். ஒரு இறக்கைகூட இல்லை. "சொல்லும்மா. பிரேக்கை மிதிச்சப்போ உன் கால் எங்க போச்சு?"

ஜோயல் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாள். "கீழ போயிடுச்சு. வண்டியோட தரை வரைக்கும்."

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"அப்பா எனக்காக ராப்பகலா உழைச்சிருக்காரு ஹெஸ்டர். பூச்சின்னு சொன்னா யார் மேலயும் குத்தம் இல்ல. எனக்கு நானே கூட அப்படித்தான் சொல்லிக்கிட்டேன்." அவள் கண் கலங்கிவிட்டது.

*

ரூடி முதலில் வெர்னைத் திட்டினார். பிறகு மகளைத் திட்டினார். பிறகு பூச்சியைத் திட்டினார். அவர் திட்டி முடிப்பதற்குள் ஆரின் வண்டிக்கு அடியில் படுத்து ஊர்ந்து போய், பிசுபிசுத்த விரலை நீட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

"பிரேக் ஆயில். பின்னாடி போற குழாய் துருப்பிடிச்சு பிஸ்கட் மாதிரி இருக்கு. குளிர்காலத்துல ரோட்டுல கொட்டுற உப்பு மொத்தமும் அதுலதான் குடியிருக்கு. ரூடி, இதை மாத்தவே இல்லையா?"

"அதுக்கு அவங்க ரசீது கேக்க மாட்டாங்களே" என்றார் ரூடி.

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது அவர் காதில் விழுந்தது. கவிழ்த்து வைத்த வாளியின் மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"கொட்டகைக்குள்ள உருட்டிப் பார்த்தேன். நின்னுச்சு."

"இந்தத் தூரத்துக்கு செருப்பைக் குறுக்க வச்சாலும் நிக்கும்" என்றார் ஹெஸ்டர்.

"நான் அதிகாரிக்காக வண்டி கட்டியிருக்கேன். எம் பொண்ணுக்காகன்னு நெனச்சுக்கிட்டு அதிகாரிக்காகக் கட்டியிருக்கேன்." ரூடி தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவு பெரிய ஆள் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்க்க ஆரினுக்கே கஷ்டமாக இருந்தது.

வாசலில் வெர்னின் லாரி வந்து நின்றது. பின்னால் ஒரு வெள்ளை பானெட். இதே ரக வண்டியிலிருந்து கழற்றியது.

"ரசீது எழுதிக்கொண்டாந்திருக்கேன். எந்த வண்டியில கழட்டினதுன்னு நம்பரோட இருக்கு. ஏன்டா பார்க்குற? கலர் சேரலைன்னா தேதியைத் தள்ளிப் போடுவாங்களா?" என்றார் வெர்ன்.

ரூடி எழுந்தார். "துண்டு கொண்டாந்தியா? தகடு கீறிடும்."

"கொண்டாந்திருக்கேன்டா."

பிரேக் குழாய் விற்கும் கடை மூடியிருந்தது. வெள்ளை பானெட்டை மட்டும் மாட்டினார்கள்.

*

சோதனை அதிகாரி லண்ட்க்விஸ்ட் மிகவும் மரியாதையான மனிதர். மடிப்புக் கலையாத சட்டை. டிரெய்லரிலிருந்து இறக்கிய வண்டியைச் சுற்றி வந்து கதவின் பிறப்பு வளர்ப்பை விசாரித்தார். பம்பரின் பூர்வீகத்தை விசாரித்தார். சிவப்பு வண்டிக்கு வெள்ளை பானெட் ஏன் என்று கேட்கவில்லை, அது எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்டார். சொன்னார்கள். ரசீதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துத் திருப்தியடைந்தார்.

பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஆயில் சொட்டிச் சிறு குட்டையாகத் தேங்கியிருந்தது. லண்ட்க்விஸ்ட் பளபளக்கும் ஷூவில் படாமல் அதைக் கவனமாகத் தாண்டி அந்தப் பக்கம் போனார்.

ஆரினால் பொறுக்க முடியவில்லை. "சார், இந்த வண்டிக்கு பிரேக் இல்ல."

அதிகாரி படிவத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "பிரேக் திருட்டு பிரேக்கா?"

"இல்ல சார். வண்டியோட சொந்த பிரேக்தான்."

"அப்போ எனக்கு ஆட்சேபணை இல்ல" என்று சொல்லி முத்திரையைக் குத்தினார்.

ரூடி அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். வசந்தகாலம் முழுக்கக் கனவு கண்ட காகிதம். அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, சாவிக்காகக் கை நீட்டிய மகளைப் பார்க்காமல் வண்டியைத் திரும்ப டிரெய்லரில் ஏற்றினார்.

"அவரு பாஸ் பண்ணிட்டாரு. நான் இன்னும் பண்ணல" என்றார்.

*

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு வெர்னும் ரூடியும் வண்டிக்கு அடியில் போனவர்கள், சாயங்காலம்தான் வெளியே வந்தார்கள். முன்னிருந்து பின்வரை குழாய் புதிது. பிரேக் ஹோஸ் புதிது. சங்கிலிக் கப்பி யாருடையது என்ற சண்டை மட்டும் பழையது. அதை அடியில் படுத்துக்கொண்டே நடத்தினார்கள். ஆரின் வண்டியைக் குவாரி மைதானத்தில் பலமுறை ஓட்டி, பலமுறை நிறுத்திப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று வந்து சொன்னான்.

ஜோயல் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. "நாளைக்கு ஓட்டிக்கிறேன்" என்றாள். முகம் வெளுத்திருந்தது.

ரூடி வெர்ன் ஷெட் வாசலுக்கு நடந்து போனார்; மற்றவர்கள் பின்னால் போக, ஆரின் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். பச்சை மீனுக்கு முன்னால், தாரும் புல்லும் சேரும் இடத்தில் ரூடி போய்க் கைகட்டி நின்றார்.

"வா. அன்னைக்கு வந்த வேகத்துலேயே வா" என்று கூப்பிட்டார்.

"அப்பா, நகருங்க."

"மாட்டேன்."

"அப்பா, சொன்னா கேளுங்க."

"நிக்குமான்னு கேட்டேல்ல? நான் வேற எதையோ காட்டினேன். இப்போ கேளு. நான் நிக்கிறேன் பாரு, இதான் அதுக்கு ரசீது."

ஹெஸ்டர் ரோட்டுக்கு வந்தார். இருபக்கத்தையும் பார்த்து, வேறு வண்டி எதுவும் வரவில்லை என்று ஜோயலுக்குத் தலையை மட்டும் ஆட்டினார். வெர்ன் ஷெட் வாசலிலிருந்து, "டேய், நீ நகராட்டி பரவாயில்ல, என் மீனைக் கொஞ்சம் பார்த்துக்க" என்று கத்தினார்.

ஜோயல் ஏறி உட்கார்ந்தாள். வண்டி தூரத்தில் போய்த் திரும்பியது. வெள்ளை நெற்றியும் சிவப்பு உடம்புமாக வந்தது. வேகம் கூடியது. ஆரின் கண்ணை மூடிக்கொண்டான். விபத்து வண்டிகளை இழுத்தே வாழ்ந்தவனுக்கு அந்த நேரத்தில் ஒரு கிண்டலும் வாயில் வரவில்லை. டயர் தேயும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு இஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது.

கண்ணைத் திறந்தான். ரூடி கட்டிய கையை அவிழ்க்காமல் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் கையை நீட்டினால் பம்பரைத் தொடலாம். மீன் ஆடாமல் நின்றது.

ஜோயல் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தாள். ரூடி வண்டியைச் சுற்றி வந்து ஜன்னலில் கை வைத்தார்.

"கால் எங்க போச்சும்மா?"

ஜோயல் தலையைத் தூக்கினாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"பாதியிலேயே நின்னுடுச்சுப்பா."